கிரீடத்துக்குள்ளே செதில்

ஜெறாட் கிரீடத்தைக் கையில் வாங்கினான். தலையில் வைக்கவில்லை. கவிழ்த்துப் பிடித்து உள்ளே பார்த்தான்.

கோயில் மண்டபத்தின் மேற்குக் கதவால் பின்னேர வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கிரீடத்தின் உட்பக்கத்தில், எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கறுப்பு வெல்வெற்றுத் துணி ஒட்டியிருந்தார். அந்தக் கறுப்பில் என் தலையிலிருந்து உதிர்ந்த செதில்கள் தேங்காய்ப்பூத் தூவினது போலக் கிடந்தன.

"அண்ணை, இது கிரீடமோ, மீன் அரியிற பலகையோ?" என்று கேட்டான்.

மண்டபம் சிரித்தது. மத்தளக்காரர் மத்தளத்தின் மேல் கவிழ்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் வெட்கம் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது.

ஆனால் ஜெறாட் சிரிக்கவில்லை. கிரீடத்தை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தான். "இதை நான் தலையில வைக்கமாட்டன், அண்ணாவியார். என்ன செய்யிறியளோ செய்யுங்கோ."

பிள்ளைகளே, இதுவரை இந்தச் சிறுவர் பக்கத்தில் வலையைப் பற்றியும் நண்டுக் காலத்தைப் பற்றியும் எழுதி வந்தேன். இந்தக் கிழமை என் தலையைப் பற்றி எழுதுகிறேன். பொடுகைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி பிலோமினா, "உங்களுக்கு எழுத வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார்.

கிடைத்தது. ஆனால் உங்களில் யாரோ ஒரு பிள்ளை இப்போதும் வகுப்பில் தலையைச் சொறியாமல் அடக்கிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளை பார்க்க முன்னம் பள்ளிக்கூடக் கழுத்து ரையைத் தட்டிவிட்டுக்கொண்டு இருக்கும். அந்தப் பிள்ளைக்காகத்தான் இது.

ஒரு கிரீடம், இரண்டு அரசர்

எங்கள் ஊர் நாயாற்றுக்குக் கிட்ட. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல் தண்ணீர் புகுந்து நிற்கிற களப்பு. கோயில் திருநாளுக்கு நாங்கள் கூத்துப் போடுவோம். அந்த வருடக் கூத்து, ஒரு புனிதரைச் சிறையில் அடைத்து வதைத்து, பிறகு மனம் திரும்பிய ஒரு அரசனின் கதை.

எங்கள் கூத்தில் ஒரு அரசனை இரண்டு பேர் ஆடுவார்கள். அவ்வளவு பாட்டையும் ஒரு தொண்டை தாங்காது. முதல் பாதியில் ஆணவம் பிடித்த அரசனாக ஒருவர் ஆடுவார். திரைக்குப் பின்னால் போய்க் கிரீடத்தைக் கழற்றி மற்றவருக்குக் கொடுப்பார். அவர் அதை வைத்துக்கொண்டு, மனம் திரும்பிய அரசனாக வெளியே வருவார். முகம் மாறினாலும் கிரீடம் மாறாது. அதை வைத்துத்தான் சனத்துக்கு அவன் அதே அரசன்.

கிரீடமும் ஒன்றுதான் இருந்தது. முந்தி இருந்த கூத்துச் சாமான் எல்லாம் போர்க்கால இடம்பெயர்வில் போய்விட்டன. ஊருக்குத் திரும்பி வந்து சில வருடம் கழித்து, அண்ணாவியார் முருக்கங் கட்டையில் தன் கையால் ஒரு கிரீடம் செதுக்கினார். கண்ணாடித் துண்டு பதித்து, தங்க நிறத் தாள் ஒட்டி, அழகாகத்தான் செய்திருந்தார்.

அதுவரை எனக்கு எப்போதும் சேவகன் வேடம்தான். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கரையில் நிற்பேன். அந்த வருடம்தான், "சூசை, உன்ர குரல் இப்ப பழுத்திருக்கு. முதல் அரசனை நீ ஆடு" என்று அண்ணாவியார் சொன்னார். அன்று வீட்டுக்குச் சைக்கிளில் போகவில்லை, பறந்து போனேன் என்று பிலோமினா இப்போதும் பகிடி பண்ணுவார்.

இரண்டாம் அரசன் ஜெறாட். என்னைவிட வயதில் இளையவன். நானும் அவனும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். பகிடியும் கோபமும் ஒன்றாக வருகிற ஆள்.

அவன் கிரீடத்தை வாங்கில் வைத்த அன்று அண்ணாவியார் சத்தம் போடவில்லை. தாளத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கு. கதைச்சு முடியுங்கோ. இல்லையெண்டால் ஜெறாட் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வெளியில வரட்டும். அரசன் பாதியில ஏன் கிரீடத்தைக் கழட்டினவன் எண்டு சனம் கேட்டால், ரெண்டு பேருமாய் மறுமொழி சொல்லுங்கோ."

என் பயம் அதுதான். சனம் கேட்கும். மறுமொழி என் தலைதான் என்று விடிய முன்னம் ஊருக்கே தெரிந்துவிடும். பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் கூத்தை ஃபோனில் பார்க்கிறவர்கள்; அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

அவனுடைய கோபத்தின் காரணம்

வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து பிலோமினாவிடம் சொன்னேன். "நான் விட்டுக்குடுக்கப் போறன். பழையபடி ஈட்டியோட நிக்கிறன்."

அவர் குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வெளியே வந்தார். "இஞ்சாருங்கோ, நீங்கள் விட்டுக்குடுத்தால் ஊர் சொல்லுறது உண்மையெண்டு ஆகிடும்."

"ஊர் என்ன சொல்லுது?"

அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து இருந்து சொன்னார்.

ஜெறாட்டுக்கும் மெற்றில்டாவுக்கும் முதல் பிள்ளை பிறந்து சில மாதம்தான். ஆண்குழந்தை. அவனுக்கு ஞானத்தகப்பன் நான். ஞானஸ்நானத்தன்று அவனை என் கையில் ஏந்தி நின்றேன். பங்குச் சுவாமி தலையில் தண்ணீர் ஊற்றியபோது அவன் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகு, அந்தக் குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் மஞ்சளாகப் பொருக்குக் கட்டத் தொடங்கியதாம். பார்க்கப் போன யாரோ ஒருத்தி, "உது சூசையற்ற தலைதான். தூக்கிக் கொஞ்சினவரெல்லே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

எனக்கு அப்போதுதான் பல விசயங்கள் விளங்கின. கொஞ்ச நாளாக வள்ளத்தில் ஜெறாட் என் துவாயைத் தொடுவதில்லை. தண்ணீர்ப் போத்தல் தனியாகக் கொண்டுவந்தான். நான் குழந்தையைப் பார்க்கப் போனால், "நித்திரை அண்ணை" என்று மெற்றில்டா வாசலில் வைத்தே சொன்னாள்.

அவனில் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி குறைந்துவிட்டது. நானும் பிள்ளை பெற்றவன். என் பிள்ளையின் தலையில் ஏதும் வந்தால் நானும் யாரில் பழியைப் போடலாம் என்றுதான் பார்த்திருப்பேன்.

உப்பு என்றார்கள், எண்ணெய் வைத்தேன்

எனக்குப் பொடுகு இளந்தாரி வயதிலேயே வந்தது. எங்கள் பக்கத்தில் சொடுகு என்றும் சொல்வார்கள். முதலில் காதுக்குப் பின்னால் அரித்துக் கடித்தது. பிறகு தலை முழுக்க. புருவத்திலும் மூக்கோரத்திலும் கூடத் தோல் உரிந்தது.

கரைவலைக்காரர் என்னை "உப்பளம்" என்று கூப்பிட்டார்கள். "மீனோட இருந்து இருந்து இவருக்கும் செதில் முளைச்சிட்டுது" என்று ஒரு பகிடி. "இவரைக் கருவாடு போடத் தேவையில்லை, தன்ர உப்பிலேயே காய்வார்" என்று இன்னொன்று.

பகிடிக்குள்ளே ஒரு நம்பிக்கையும் இருந்தது. கடல் தண்ணீர் தலையில் காய்ந்து உப்பாகப் பூக்கிறது, அதுதான் உதிர்கிறது என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். உப்புக்கு மருந்து எண்ணெய். வள்ளத்தை உப்புத் தின்னாமல் இருக்க எண்ணெய் பூசுகிறோம் அல்லவா? தலைக்கும் அதே கணக்கு. கடலுக்கு இறங்க முன்னம் தேங்காயெண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி, வழிய வழியத் தேய்த்துக்கொண்டுதான் போவேன். கடி கூடினால் எண்ணெயையும் கூட்டினேன்.

மற்ற மருந்துகளும் செய்யாமல் விடவில்லை. தேசிக்காய்ப் புளியைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் கடலுக்குப் போனேன். எரிந்த எரிவில், கண்ணீர் விட்டுக்கொண்டே வலை வளைத்தேன். தயிர் பூசிக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். எங்கள் கோழிகள் எல்லாம் என்னைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தன. களப்போரம் படர்கிற பொடுதலையைப் பிலோமினா பிடுங்கி வந்து காய்ச்சித் தந்தார். எதில் காய்ச்சினார்? எண்ணெயில்தான்.

ஒரு நாள் சுகமாக இருக்கும். அடுத்த நாள் பழையபடி.

எல்லோரும் சொறிந்த காலம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். என் தலையைப் பற்றி எனக்கு வெட்கமே இல்லாத ஒரு காலமும் இருந்தது.

நாங்கள் முகாமில் இருந்த மாதங்கள் அவை. தண்ணீருக்கு வரிசை. குடிக்க எடுத்து, சமைக்க எடுத்து, மிச்சம் இருந்தால்தான் உடம்புக்கு. தலை முழுகுவது பெருநாள் மாதிரி ஒரு காரியம். பேன், புழுதி, வேர்வை. சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் மொட்டை அடித்துவிட்டார்கள். என் மகளுக்கும் அடித்தார்கள். பின்னல் போனதற்கு அழவேண்டிய பிள்ளை, பக்கத்துக் கூடாரப் பிள்ளையின் மொட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

அண்ணாவியாரும் அங்கே எங்களோடுதான் இருந்தார். ஒரு பின்னேரம் சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியே சூசை, முழுச் சனமும் ஒரே தாளத்தில சொறியுது. கூத்துப் பழகேக்க இப்பிடி ஒருநாள் கூட நீங்கள் தாளம் பிடிக்கேல்லை."

அங்கே என்னை யாரும் உப்பளம் என்று கூப்பிடவில்லை. ஊருக்கு வந்து, வீடு கட்டி, கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்று வாங்கினோம். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சட்டைத் தோளைத் தட்டியபோது வெட்கமும் திரும்பி வந்துவிட்டது.

நுரையும் அரசனின் வரவும்

பிலோமினா என்னை விடவில்லை. பஸ் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பினார்.

டொக்ரர் இளம் பெண். கையுறை போட்ட விரலால் முடியை விலக்கிப் பார்த்தார். மூக்கோரத்தையும் புருவத்தையும் பார்த்தார். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"டொக்ரர், இது ஆக்களுக்குத் தொத்துமோ?"

"இல்லை. ஒருத்தரில இருந்து ஒருத்தருக்குப் போறதில்லை. அழுக்கால வாறதும் இல்லை."

"அப்ப எங்கயிருந்து வருது?"

"எல்லாற்ற தலைத் தோலிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் இருக்கு ஐயா. என்ர தலையிலயும் இருக்கு. சில பேற்ற தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. உடன கடிக்கும், தோல் கெதியாய் உரியும். அவ்வளவுதான்."

ஒரு மருந்து ஷாம்பு எழுதித் தந்தார். "தேய்ச்ச உடன கழுவிப் போடாதேங்கோ. அஞ்சு நிமிசமாவது தலையில நிக்கவேணும்."

"கிணத்தடியில என்னட்ட மணிக்கூடு இல்லையே டொக்ரர்."

"ஒரு பாட்டைப் பாடுங்கோவன்" என்று சிரித்தார்.

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கூத்தில் அரசன் சபைக்கு வரும்போது ஒரு நீண்ட பாட்டு உண்டு. அதை வரவு என்போம். பொதுக்கிணற்றடியில் தலை நிறைய நுரையோடு நின்று அந்த வரவை முழுக்கப் பாடினேன். தண்ணீர் அள்ள வந்த பெண்கள் வாளியை வைத்துவிட்டு நின்றார்கள்.

"அரசர் இண்டைக்கு நுரைக் கிரீடத்தோட எழுந்தருளியிருக்கிறார்!"

"அரசே, கொஞ்சம் விலகினால் குடிசனம் தண்ணி அள்ளும்!"

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சில நாளில் அவர்களுக்கும் வரவுப் பாட்டுப் பாடமாகிவிட்டது. நான் அடி மறந்தால் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் பொடுகு குறையவில்லை. திரும்பவும் பஸ் ஏறினேன்.

வாங்கின் இரண்டு முனை

ஆசுபத்திரியில் டொக்ரரின் அறைக்குள்ளேயே ஒரு வாங்கு உண்டு. அடுத்து வருகிறவர்கள் அதில் இருப்பார்கள். நான் உள்ளே போனபோது அதன் மறுமுனையில் ஜெறாட் இருந்தான். பக்கத்தில் மெற்றில்டா. மடியில் என் ஞானமகன், தலையில் ஒரு சின்னத் தொப்பியோடு.

நான் இந்த முனையில் இருந்தேன். ஜெறாட் சுவரில் இருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தான். நானும் அந்த நுளம்பையே பார்த்தேன்.

அவர்களை முதலில் கூப்பிட்டார்கள். டொக்ரர் தொப்பியைக் கழற்றினார். உச்சியில் காய்ந்த மெழுகு மாதிரி மஞ்சள் பொருக்கு.

ஜெறாட் என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "டொக்ரர், தலையில பொடுகு இருக்கிற ஒராள் தூக்கினால் பிள்ளைக்கு இது வருமோ?"

"யார் சொன்னது?"

"ஊரில சொல்லுகினம்."

"இது ஆரிட்டயும் இருந்து வந்ததில்லை. சின்னக் குழந்தையள் கனபேருக்கு வாறதுதான். நகத்தால உரிக்காதேங்கோ. மெல்லக் கழுவுங்கோ. நாள் போகத் தானாய்ப் போகும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "படை எண்டு ஒண்டு இருக்கு. வட்டமாய் முடி கொட்டும். அது தொத்தும். அதுக்குச் சீப்பு, தொப்பி மாத்திப் போடக்கூடாது. இது அதில்லை."

மெற்றில்டா குழந்தையின் தலையை மெதுவாகத் தடவினாள். ஜெறாட் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"பஸ்சுக்கு நேரமாகுது" என்று மெற்றில்டாவிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

டொக்ரர் என் தலையைப் பார்த்தார். பிறகு தன் கையுறையைப் பார்த்தார். அது மினுங்கியது.

"ஐயா, எண்ணெய் வைக்கிறனீங்களோ?"

"ஓம் டொக்ரர். கடலுக்குப் போகேக்க. எண்ணெய் வைக்காமல் எப்பிடிக் கடலுக்குப் போறது? உப்பெல்லோ!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் பூஞ்சணம் எண்ணெயில சீவிக்கிறது ஐயா. ஒரு கையால அடிக்கிறியள், மற்றக் கையால அதுக்குச் சோறு போடுறியள். உப்பில ஒண்டும் இல்லை. எண்ணெயை விடுங்கோ. துவாயைக் கட்டிக்கொண்டு போங்கோ."

பிள்ளைகளே, இவ்வளவு காலமும் நான் அதைச் செல்லமாக வளர்த்திருக்கிறேன்.

அன்றோடு எண்ணெயை விட்டேன். சில கிழமையில் கடி குறைந்தது, உதிர்வதும் குறைந்தது. அடியோடு போகவில்லை. "விட்டு விட்டு வரும், வந்தால் திரும்பவும் ஷாம்பு போடுங்கோ" என்று டொக்ரர் முதலே சொல்லியிருந்தார். இன்றைக்கும் அப்படித்தான். மழைக்காலம் முடிய ஒருமுறை எட்டிப் பார்க்கும். நான் கிணற்றடியில் நின்று பாடுவேன்.

திரைச்சீலைக்குப் பின்னால்

திருநாள் வந்தது. பின்னேரப் பூசை முடிந்த கையோடு கூத்துத் தொடங்கியது. இப்போதெல்லாம் விடிய விடிய ஆடுவதில்லை; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

ஜெறாட் அதுவரை எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூத்துப் பழக்கத்துக்கு வந்தான், பாடினான், போனான். கிரீடத்தை அண்ணாவியார் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். அவன் அதை வைப்பானா, தலைப்பாகை கட்டுவானா என்று யாருக்கும் தெரியாது. உடுப்புப் போடுகிற இடத்தில் அவனுடைய பையின் மேல் மடித்த பட்டுத் துணி ஒன்று இருந்ததை நான் கண்டேன். தலைப்பாகைத் துணி.

அதைக் கண்டுகொண்டுதான் மேடைக்குப் போனேன்.

பாடினேன். ஆணவம் பிடித்த அரசனுக்கு வேண்டிய குரல் எங்கிருந்தோ வந்தது. புனிதரைச் சிறையில் போடச் சொல்லிக் கத்தினபோது முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்து அழுதது. பாட்டு முழுக்க என் நினைவு திரைக்குப் பின்னால்தான் நின்றது.

முதல் பாதி முடிந்தது. உள்ளே வந்தேன். மத்தளம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் அரசன் வெளியே போகவேண்டிய நேரம்.

கிரீடத்தைக் கழற்றினேன். கை தன்பாட்டில் அதைக் கவிழ்த்தது. உள்ளே பார்த்தேன். வெல்வெற்று என் வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. துவாயை எடுத்து அவசரமாகத் துடைக்கத் தொடங்கினேன்.

"அண்ணை."

ஜெறாட் எனக்கு முன்னால் நின்றான். தலையில் ஒன்றும் இல்லை. பட்டுத் துணி பையின் மேல் அப்படியே கிடந்தது.

"துடைச்சது போதும். சனம் பாத்துக்கொண்டிருக்கு."

தலையைக் குனிந்தான். நான்தான் வைக்கவேண்டும் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. மத்தளக்காரர் திரைக்கு மற்றப் பக்கத்தில் அடியை இரண்டாம் முறையும் திருப்பி அடித்தார். கிரீடத்தை அவனுடைய தலையில் வைத்தேன். அவனுக்குக் கொஞ்சம் பெரிது. நெற்றிக்கு இறங்கியது. இரண்டு கையாலும் சரிசெய்துவிட்டேன்.

"ஈரமாய்க் கிடக்குது" என்றான்.

"வேர்வை, தம்பி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு போனான்.

சனம் அதே அரசனைக் கண்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஒரு பெட்டியில் குந்தினேன். பக்கக் கதவால் மெற்றில்டா உள்ளே வந்தாள், கையில் குழந்தை. இந்தமுறை தொப்பி இல்லை.

"அண்ணை, இவனை ஒருக்காப் பிடியுங்கோ. எனக்கு அவரைப் பாக்கவேணும், இவன் விடுறானில்லை."

நான் கை நீட்ட முன்னமே என் மடியில் வைத்துவிட்டு, திரை ஓரத்தில் போய் நின்றாள்.

அவன் கனத்திருந்தான். என் சட்டையில் இருந்த மினுக்கத் துண்டை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. பிறகு அலுத்துப்போய்த் தலையை என் தோளில் சாய்த்தான். அவனுடைய உச்சியில் இன்னும் கொஞ்சம் பொருக்கு மிச்சம் இருந்தது.

வெளியே ஜெறாட் மனம் திரும்பிய அரசனின் முதல் பாட்டைத் தொடங்கினான். குழந்தை அந்தக் குரல் கேட்டுத் தலையை நிமிர்த்தினான். அவன் சாய்ந்திருந்த இடத்தில், என்னுடைய கறுப்பு அரச உடுப்பின் தோளில், இரண்டு செதில் ஒட்டியிருந்தன.

தட்டிவிடவில்லை. கூத்து முடியும்வரை அவை அங்கேயே இருந்தன.